லிமிட் என்றால் எல்லைதான்

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழிலும் செங்கோட்டை கணக்கு டீச்சர் பதில் சொல்கிறார்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து தபால்காரர் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தாத நாள் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்தவை தனி. முக்கால்வாசியும் பள்ளிக்கூடத்திலிருந்து கல்லூரிக்குப் போகிற சங்கதிதான். மற்ற கேள்விகளை, அந்த மாங்காய் ஊறுகாய் வழக்கு உட்பட, அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். சண்டைக்காரர்கள் இருவரும் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: புளியரைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருக்கிறேன். தனியார் கல்லூரி ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்து, எங்கள் பள்ளியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு, பிள்ளைகளை உயர்கல்விக்குத் தயார் செய்வதாகச் சொல்கிறார்கள். பேனர்கூட அடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். சம்மதிக்கலாமா?
(பெயர் வேண்டாம் என்ற தலைமை ஆசிரியர்)

பதில்: முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதி இல்லாமல் நீங்கள் கையெழுத்துப் போட முடியாது சார், அது உங்களுக்கே தெரியும். இவர்களால் பிள்ளைகளுக்கு ஏதாவது நடக்குமா என்றுதானே கேட்கிறீர்கள்?

நான் முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் இருந்தவள். மேசைக்கு அந்தப் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் (NAAC) என்ற தேசிய அமைப்பின் குழு வரும் நேரத்தில், எத்தனை நிறுவனங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறீர்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்குக்காகவே பள்ளிக்கூட வாசலேறுகிறவர்கள் உண்டு. நானும் ஏறியிருக்கிறேன். ஒரு தடவை நான்கு பள்ளிகளுக்கு ஒரே பேனர். பள்ளிப் பெயர் வரும் இடத்தில் மட்டும் காகிதம் ஒட்டி ஒட்டி மாற்றிப் போட்டோ எடுத்தோம். நான்காவது பள்ளியில் ஆடிக் காற்று அடித்துக் காகிதம் பிய்ந்து, மூன்றாவது பள்ளியின் பெயர் பல்லைக் காட்டியது. தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! எங்கள் முதல்வர் மட்டும் கேமராவைப் பார்த்தபடியே நின்றார்.

என் காலத்தில் இதற்கு ஒப்பந்தம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பியூசி என்ற புகுமுக வகுப்பு இருந்தது. பதினோராம் வகுப்போடு எஸ்எஸ்எல்சி முடியும். அடுத்த ஒரு வருஷம் கல்லூரியிலேயே படிப்போம். 1975-ல் நான் சேர்ந்தபோது பௌதிகம் எடுத்தவர் முதல் நாளே ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. காதில் விழுந்ததை எல்லாம் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். 'லெட்டஸ் கன்சிடர், லெட்டஸ் கன்சிடர்' என்று நோட்டு முழுக்க இருந்தது. லெட்டஸ் என்பவர் நியூட்டன் மாதிரி ஒரு விஞ்ஞானி என்றே நினைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து அவர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் சொல்லி, தமிழில் சொல்லி, திரும்ப ஆங்கிலத்தில் சொன்னார். பள்ளியிலிருந்து நேராக வந்த பிள்ளையின் நோட்டு அவர் கைக்குப் போனதால் நடந்தது அது.

1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது, பியூசி போனது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், இதே மாதிரி கல்லூரியில் நடந்த பிரீடிகிரி இன்னும் இருபது வருஷம் தாக்குப்பிடித்து, 2000 வாக்கில் அதுவும் கல்லூரியை விட்டுப் பள்ளிக்குப் போனது. போனதில் நல்லதும் உண்டு. வெளியூர் அனுப்பப் பயந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் பக்கத்துப் பள்ளியிலேயே மேலே படிக்க முடிந்தது. ஆனால் கல்லூரி வாத்தியார்கள் பள்ளிப் பிள்ளையின் நோட்டைப் பார்ப்பது அத்தோடு நின்றது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் 1985-லேயே ஒரு சட்டம் போட்டது. பதினொன்று, பன்னிரண்டு படிக்கிற பிள்ளை அரசுச் செலவில் கல்லூரிப் பாடத்தைப் படிக்கலாம். மதிப்பெண் பள்ளிக்கும் சேரும், கல்லூரிக்கும் சேரும். நியூயார்க்கில் லாகார்டியா கல்லூரி 1974-ல் தன் வளாகத்துக்குள்ளேயே ஓர் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கியது. எனக்குப் பிடித்தது கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் செய்த வேலை. அங்கே சேர்கிற பிள்ளைகளில் ஏராளமானவர்களுக்கு முதல் வருஷம் பள்ளிப் பாடத்தையே திரும்ப நடத்த வேண்டியிருந்தது. 2004 வாக்கில், பதினோராம் வகுப்பு மாநிலத் தேர்வோடு பல்கலைக்கழகத்தின் கேள்விகள் கொஞ்சத்தைச் சேர்த்தார்கள். 'கல்லூரிக் கணக்குக்கு நீ தயார், ஆங்கிலத்துக்கு இன்னும் இல்லை' என்று பிள்ளைக்கு அப்போதே தெரிந்துவிடும். சரிசெய்துகொள்ளப் பன்னிரண்டாம் வகுப்பு முழுசாகக் கையில் இருக்கும். அந்த வருஷத்துக்கென்று கட்டுரை வாசிக்கவும் எழுதவும் ஒரு பாடத்திட்டம் போட்டார்கள். பள்ளி ஆசிரியர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்து எழுதியது அது. அந்தச் 'சேர்ந்து உட்கார்ந்து' என்பதை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள் சார்.

ஏனென்றால் நாங்கள் முதலில் அதை விட்டுவிட்டோம். 2011-ல் சனிக்கிழமை வகுப்பு என்று தொடங்கினோம். மேக்கரை, புளியரை, கற்குடிப் பிள்ளைகள் கல்லூரிக்கு வர வேண்டும், நாங்கள் நடத்துவோம். முதல் சனிக்கிழமை 58 பேர். நான்காவது சனிக்கிழமை 11. பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று ஸ்டாஃப் ரூமில் தீர்ப்பு எழுதிவிட்டோம். எங்கள் ஆய்வக உதவியாளர்தான் விசாரித்துக்கொண்டு வந்தார். அப்போது மீட்டர்கேஜை நிறுத்திவிட்டு அகலப்பாதை போட்டுக்கொண்டிருந்த காலம், பகவதிபுரம் பக்கம் ரயிலே கிடையாது. பன்னிரண்டரைக்கு வகுப்பு விட்டால் மேக்கரைக்கு அடுத்த பஸ் இரண்டே முக்காலுக்கு. நடுவில் சோறு இல்லை. அவ்வளவுதான் காரணம். அடுத்த வாரமே வகுப்பைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பள்ளிக்குப் போனோம்.

அங்கே போனதில் வேறொரு லாபம். அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர் பழக்கமாகி, ஒரு மத்தியானம் எங்கள் துறைக்கு வந்தார். முதல் செமஸ்டர் உள்தேர்வு விடைத்தாள் கட்டை, பெயரை மறைத்து, அவர் முன்னால் வைத்தேன். மூன்றாவது தாளிலேயே, "இது நம்ம பையன் எழுத்துல்லா?" என்றார். பிளஸ் டூவில் இருநூற்றுக்கு நூற்று எண்பத்தெட்டு வாங்கிய பையன். புத்தகத்தின் பின்பக்கக் கணக்கு அப்படியே வந்திருந்த இடத்தில் முத்து முத்தாகப் போட்டிருந்தான். 'ஓர் உதாரணம் தந்து விளக்குக' என்ற இடம் எல்லாம் வெள்ளைத் தாள். டீச்சர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் பிளஸ் ஒன் பாடமாச்சே" என்றார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டுவது அன்று பல பள்ளிகளில் வழக்கம். அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வைத்தார்கள். இப்போது அதை மறுபடி எடுத்துவிட்டார்கள். பிள்ளைக்குச் சுமை குறைந்தது, சரி. பழைய வழக்கம் திரும்பி வராமல் பார்ப்பது உங்கள் பாடு.

ஆகவே வந்தவர்களிடம் நான் கேட்கச் சொல்வது இவ்வளவுதான். உங்கள் பாட ஆசிரியர்கள் பருவத்துக்கு ஒரு நாள் அந்தக் கல்லூரிக்குப் போய் முதல் செமஸ்டர் கேள்வித்தாளையும் விடைத்தாளையும் பார்க்க விடுவார்களா? வருகிற விரிவுரையாளர் இரண்டு வருஷமும் ஒரே ஆளாக இருப்பாரா, அல்லது வாரம் ஒரு முகமா? பஸ்ஸும் மதியச் சாப்பாடும் யார் பொறுப்பு? இதற்கெல்லாம் தலையாட்டினால் பேனரை மாட்டிக்கொள்ளட்டும். 'பிளஸ் டூ பிள்ளைகளின் போன் நம்பர் லிஸ்ட் மட்டும் கொடுங்க சார்' என்று ஆரம்பித்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அது ஆள் பிடிக்கிற வேலை.

கேள்வி: ரப்பர் வெட்டிப் பிழைக்கிற குடும்பம் டீச்சர். மகள் இங்கே கேரளப் பள்ளியில் பத்தாவது முடித்துவிட்டாள். பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் தென்காசிப் பக்கம் படிக்கவைத்தால் மாதம் ஆயிரம் ரூபாயும், ஏழரை சதவீத ஒதுக்கீடும் கிடைக்கும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். இளையவன் ஐந்தாவது படிக்கிறான்.
(ஒரு தாய், ஆரியங்காவு)

பதில்: மகளுக்குக் கிடைக்காதும்மா. சொந்தக்காரர்கள் நல்ல மனசோடு தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். கல்லூரிக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய்க்கும் சரி, 2020-ல் மருத்துவத்துக்கும் மறு வருஷம் பொறியியல் முதலான படிப்புகளுக்கும் வந்த ஏழரை சதவீதத்துக்கும் சரி, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்திருக்க வேண்டும். அரசுப் பள்ளி என்பதுதான் அடிப்படை. ஆயிரம் ரூபாய் மட்டும் பிற்பாடு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் வந்தது. கடைசி இரண்டு வருஷம் மட்டும் இங்கே உட்கார்ந்தால் செல்லாது. அதற்காக அவளை இடம் மாற்றி, மலையாளத்தில் படித்த கணக்கைத் தமிழில் திரும்பப் படிக்கவைக்காதீர்கள்.

அங்கேயே படிக்கட்டும். கேரளத்தில் பின்தங்கிய, பட்டியல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இ-கிராண்ட்ஸ் என்ற கல்வி உதவித்தொகை இருக்கிறது. அதற்குச் சாதிச் சான்று வேண்டும். இங்கிருந்து போய்க் குடியேறிய குடும்பங்களுக்கு அது சில நேரம் இழுத்தடிக்கும். வில்லேஜ் ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் இந்த வருஷமே நடக்கத் தொடங்குங்கள், சேர்க்கை நேரத்தில் ஓடாதீர்கள். அங்கே 2024 ஜூலையிலிருந்து பட்டப்படிப்பு நான்கு வருஷம் என்று கேட்டுப் பயப்படவும் வேண்டாம். மூன்று வருஷத்தில் பட்டத்தோடு வெளியே வந்துவிடலாம், நான்காவது விரும்புகிறவர்களுக்கு.

நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது இளையவனைப் பற்றி. வருகிற ஜூனில் ஆறாம் வகுப்புக்கு எந்தப் பக்கம் சேர்க்கிறீர்களோ, கல்லூரி வரை அதன் கணக்கு ஓடும். இங்கே சேர்த்தால் பத்தாவது வரை தமிழ் கட்டாயம், 2006-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறான், எழுதுவானா? இந்தக் கோடை விடுமுறைக்குள் அவனைத் தமிழில் ஒரு பக்கம் எழுதவைத்துப் பாருங்கள். அதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று மலைத்துப் போகாதீர்கள். இங்கே கல்லூரிகள் எல்லாம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன அல்லவா, அந்தச் சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்தவர். திருநெல்வேலியில் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் நடத்தினார். செங்கோட்டையே 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ச் சீமைதான்.

கேள்வி: மேடம், நான் தமிழ்வழியில் படித்து பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். முதல் வருஷம் இரண்டு பேப்பர் அரியர். வகுப்பில் எல்லாம் ஆங்கிலம். விட்டுவிடலாமா என்று இருக்கிறது.
(மாணவர், வடகரை)

பதில்: விடாதே தம்பி. உன் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: 'லிமிட்ஸ் என்ற சாப்டர் பள்ளியில் எங்களுக்கு நடத்தவே இல்லை.' நடத்தினார்கள். 'எல்லைகளும் தொடர்ச்சித் தன்மையும்' என்று படித்தாயே, அந்த எல்லைதான் இந்த லிமிட். எல்லையிலேயே பிறந்து வளர்ந்தவன் எல்லையைக் கண்டு முழிக்கிறாயே!

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கு. நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் தமிழ், வலது பக்கம் கல்லூரியில் சொல்லும் சொல்லைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும். சார்பு என்றால் ஃபங்ஷன். வகைக்கெழு என்றால் டெரிவேட்டிவ். அணிக்கோவை என்றால் டிடர்மினன்ட். உன் பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகத்தின் ஆங்கில வழிப் பதிப்பைப் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டு பதிப்பும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒன்றே. உனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு கணக்கை எடுத்து அதை ஆங்கிலப் பதிப்பில் வாசி. தெரிந்த கணக்கு என்பதால் மொழி தானே பிடிபடும். என் மாணவிகள் இப்படி ஐந்தாறு வாரத்தில் நிமிர்ந்தார்கள். முழு மந்தம் என்று துறையில் பெயர் வாங்கியிருந்த ஒருத்தி அந்த நோட்டை ஜூனியர்களுக்கு வாடகைக்கு விட்டாள். வாரத்துக்கு ஒரு முறுக்குப் பாக்கெட்.

அரியரை அடுத்த செமஸ்டரிலேயே எழுது. சேர்த்து வைக்காதே.

கேள்வி: சென்னை ஐஐடி பள்ளிப் பிள்ளைகளுக்கே கோர்ஸ் நடத்துகிறதாமே? பெண் பிளஸ் ஒன். சேர்க்கலாமா?
(வாசகர், தென்காசி)

பதில்: சேர்க்கலாம். தரவு அறிவியல், மின்னணுவியல் மாதிரி விஷயங்களில் சில வாரத்து இணையவழிச் சான்றிதழ் படிப்புகள் அவை. பள்ளி பங்குதாரராகப் பதிவு செய்ய வேண்டும். தலைமை ஆசிரியரைப் பிடியுங்கள். அதில் சேர்ந்தால் ஐஐடியில் இடம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடம் வேண்டுமென்றால் 2020-லிருந்து அவர்கள் நடத்தும் இணையவழி பி.எஸ். பட்டப்படிப்பு இருக்கிறது. ஜேஇஇ நுழைவுத்தேர்வு வேண்டாம். நான்கு வாரம் பாடம் அனுப்புவார்கள், வாராவாரம் வீட்டுப்பாடம், அப்புறம் நேரில் போய் ஒரு தேர்வு. பிளஸ் ஒன் முடித்ததுமே அதை எழுதிப் பார்க்கலாம். அந்த நான்கு வாரம் பிள்ளை தானாக உட்கார்ந்து படிக்கிறாளா, நீங்கள் பின்னால் நின்று விரட்ட வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

கேள்வி: பையனுக்கு அரசுக் கல்லூரியில் பி.காம். இடம் கிடைத்துப் பணமும் கட்டியாச்சு. குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் கார் பார்க்கிங்கில் டோக்கன் கிழிக்கப் போனான். தினம் அறுநூறு ரூபாய். இப்போது கல்லூரிக்குப் போக மாட்டேன் என்கிறான்.
(ஒரு தகப்பன், இலஞ்சி)

பதில்: அண்ணாச்சி, சாரல் விழுந்ததும் நம்ம ஊரில் வருஷா வருஷம் நடப்பதுதான் இது. பரீட்சை முடிந்து கல்லூரி திறக்கிற வரைக்கும் பிள்ளை பள்ளிக்கும் சொந்தமில்லை, கல்லூரிக்கும் சொந்தமில்லை. அந்த இடைவெளியில்தான் நழுவுகிறார்கள். அமெரிக்காவில் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள், 'கோடைக் கரைவு' என்று சொல்லலாம்: இடம் வாங்கிய பிள்ளைகள் கோடையில் கரைந்து காணாமல் போவது. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2016-ல் சேர்க்கை பெற்றவர்களின் போனுக்கே செய்தி அனுப்ப ஆரம்பித்தது. இன்ன காகிதம் பாக்கி, இன்ன தேதிக்குள் கட்டு, சந்தேகம் இருந்தால் கேள் என்று. நடுராத்திரியில் கேட்டாலும் பதில் போகும். பதில் சொன்னது கணினி. கரைகிறவர்கள் குறைந்தார்கள். நம் மாநிலத்திலும் பிளஸ் டூ முடித்து எங்கும் சேராதவர்களைத் தேடிப்பிடித்து 'உயர்வுக்குப் படி' முகாம்களில் உட்காரவைக்கிறார்கள். சேர்ந்துவிட்டுப் போகாதவனை யார் தேடுவது? அவன் படித்த பள்ளியில் அவனுக்குப் பிடித்த ஒரு வாத்தியார் இருப்பார். அவரைவிட்டு ஒரு போன் போடச் சொல்லுங்கள். அப்பா சொல்வதைவிட அது ஏறும்.

திட்டாதீர்கள். அறுநூறு ரூபாய் சின்னப் பணம் இல்லை. முதல் தடவையாகத் தன் காசில் சட்டை வாங்கியிருப்பான். ஆனால் சீசன் ஆகஸ்டோடு ஓய்ந்துவிடும். செப்டம்பரில் அந்த இடத்தில் டோக்கனும் இல்லை, காரும் இல்லை. சனி ஞாயிறுதான் கூட்டம், அன்றைக்கு வேலை; மற்ற ஐந்து நாள் வகுப்பு. பார்க்கிங் குத்தகைக்காரரிடம் நீங்களே பேசிப் பாருங்கள். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரமும் வரும். கல்லூரியில் பெயர் இருந்தால்தான் வரும் என்பதையும் அவன் காதில் போடுங்கள்.

இலஞ்சியிலிருந்து என் வீடு பக்கம்தான். பார்க்கிங்கில் கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவனை அழைத்துக்கொண்டு வாருங்கள். கட்டண ரசீதைக் கையோடு எடுத்து வரவும். வரும்போது அருவிக்கரை போண்டா ஒன்றும் வாங்க வேண்டாம், எனக்கு வயிறு சரியில்லை.